வாதாமரத்துப் பூச்சு

வீடு,
ஜூன் 3

அண்ணாவுக்கு,

நீ நலமா என்று கேட்க இதை எழுதவில்லை. நலம்தான் என்று அம்மாவுக்கு நீ எழுதும் கடிதங்களில் இருக்கிறது. அம்மா அவற்றைப் படித்துவிட்டு மாவு டப்பாவுக்குப் பின்னால் செருகி வைப்பாள். உன் முகவரியை அங்கிருந்துதான் எடுத்தேன். நீ போய் இரண்டு வருடத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் கேட்டிருக்கலாம். ஆனால் வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவின் தையல் மேஜையில் கிடக்கிறது. நான் அதைத் தொட்டால் அவர் மிஷினை நிறுத்திவிடுவார். மிஷின் சத்தம் நின்றால் எனக்கு நாக்கு எழாது. உனக்குத் தெரியும்.

விஷயம் வாதாமரத்தைப் பற்றியது.

அடிமரத்துப் பொந்தை நீ சிமெண்ட் பூசி அடைத்தாயே, அந்த இடத்தைச் சுற்றி விரிசல் விட்டிருக்கிறது. பட்டைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் ஒரு சட்டைப் பொத்தான் நுழையும். மழை விட்டு இரண்டு நாள் ஆனாலும் அதிலிருந்து பழுப்பாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்டால் வருமே, அந்த வாடை. கறுப்பு எறும்புகள் வரிசையாக உள்ளே போகின்றன. வெளியே வரும்போது ஒவ்வொன்றின் வாயிலும் மரத்தூள். வேருக்குப் பக்கத்தில், மதில் பக்கமாக, தட்டு மாதிரி ஒரு காளான் முளைத்திருக்கிறது. காலால் உதைத்துப் பார்த்தேன். என் கால்தான் வலித்தது.

அப்பாவின் மிஷின் அதே இடத்தில்தான் இருக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே, ஜன்னல் ஓரம். மரத்தின் பெரிய கிளை அந்தக் கூரைக்கு நேர் மேலே போகிறது. காற்றுக் காலம் தொடங்கிவிட்டது. "மிஷினை அந்தப் பக்கம் நகத்தலாமே" என்றாள் அம்மா.

"அந்தப் பக்கம் வெயில். மரம் எனக்கு நிழல் குடுக்குது. நீ என்ன குடுக்குற?"

"டீ குடுக்குறேன். நாளையிலிருந்து அதையும் மரத்துக்கிட்டயே கேட்டுக்கோங்க."

அப்பா மாறவில்லை. நேற்று ஒரு அம்மாள் தன் மகனுக்குச் சட்டை தைக்கச் சொல்லி, அளவைச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். அப்பா சீட்டைக் கையில் வாங்கவே இல்லை. "சீட்டுக்கு நான் தைக்கிறதில்லம்மா. ஆள் வரட்டும்" என்றார். பையன் வெளியூரில் இருக்கிறானாம். "அப்போ வெளியூர்லயே சட்டை போட்டுக்கட்டும்" என்றார்.

உன்னிடம் கேட்க வந்தது இவ்வளவுதான். உள்ளே என்ன வைத்து அடைத்தாய்? எவ்வளவு ஆழம்? நான் கேட்டேன் என்று அம்மாவுக்குக்கூட எழுதாதே.

தங்கை


வேலையிடம்,
ஜூன் 11

ஊசிக்கு,

இரண்டு வருடமாக ஊமையாக இருந்த ஊசிக்கு இப்போது வாய் முளைத்தது ஒரு மரத்துக்காகவா? அண்ணன் சாப்பிட்டானா, தூங்கினானா என்று ஒரு வரி இல்லை. எறும்பு வாயில் என்ன இருந்தது என்பது வரை எழுதியிருக்கிறாய்.

சரி, எறும்புக்கே பதில் சொல்கிறேன். நான் அடைத்தபோது பொந்து ஆறு இஞ்ச் ஆழம்தான். சுரண்டிவிட்டு, உடைந்த செங்கல்லை அடுக்கி, கலவையை நிரப்பினேன். மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அம்மாவின் சீப்பால் பட்டை மாதிரி கோடு இழுத்தேன். டீத்தண்ணீரில் அடுப்புக்கரியைக் குழைத்து நிறம் ஏற்றினேன். என் கை செய்த வேலைகளில் அதுதான் முதல் நல்ல வேலை. வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு அப்பா ஒரு வருடம் அதன்மேல் சாய்ந்து நின்று பேசினார். கண்டுபிடித்தாரா? இங்கே அறுபது அடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறோம். மேஸ்திரியிடம் அந்த மரத்தின் போட்டோவைக் காட்டித்தான் எனக்குச் சித்தாள் வேலையிலிருந்து பூச்சு வேலைக்கு ஏற்றம் கிடைத்தது.

விரிசலுக்கெல்லாம் பயப்படாதே. மரம் பருக்கும், சிமெண்ட் பருக்காது. அதனால் வந்தது. கொஞ்சம் சிமெண்டைக் கூழ் பதத்தில் கரைத்து விரிசலில் ஊற்று. பழைய துணியால் ஒத்தி எடு. மூன்று நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள். வேறு யாரையும் அதில் கை வைக்க விடாதே.

இன்னொன்று. விரலளவு சிமெண்ட் பெயர்ந்து உள்ளே கரி தெரிந்த அன்றைக்கு அப்பா என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கும். "மரத்துக்குப் பின்னாடி நின்னு சிகரெட் குடிச்சிருக்கான். நெருப்புப் பிடிச்சதும் பூசி மறைச்சிருக்கான். மரத்துக்கே பூசுனவன் நாளைக்கு எனக்கும் பூசுவான்." வாடிக்கையாளர்கள் நான்கு பேர் நின்று கேட்டார்கள். நீ கதவுக்குப் பின்னால் நின்று ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்வாய் என்று பார்த்தேன்.

அதில் எனக்குக் கோபமில்லை. மேலே எழுதிவிட்டு அடித்துவிட்ட இரண்டு வரிகளும் இதையே எழுதப் பார்த்தவைதான்.

அண்ணன்


வீடு,
ஜூன் 19

அண்ணாவுக்கு,

நீ சொன்னபடியே சிமெண்டைக் கரைத்து ஊற்றினேன். அப்பா மதியம் கண் அசந்த நேரம் பார்த்துச் செய்தேன். ஒரு கிண்ணம் கரைத்தேன், போதவில்லை. இன்னொரு கிண்ணம். அதுவும் போன இடம் தெரியவில்லை. நான்கு கிண்ணம் ஊற்றிய பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. துணி மாட்டும் கம்பி ஒன்றை நிமிர்த்தி, செங்கல்லுக்குப் பக்கவாட்டில் உள்ளே விட்டேன். வெகுதூரம் போன பிறகுதான் முட்டியது. வெளியே எடுத்து அப்பாவின் டேப்பை வைத்து அளந்தேன். பதினாலு இஞ்ச். நீ ஆறு என்று எழுதியிருக்கிறாய்.

மறுநாள் காற்றில் நான் ஊற்றியதும் விரிந்துவிட்டது. கூடவே என் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை பெயர்ந்து விழுந்தது.

மரம் வெட்டுபவரைக் கூப்பிடச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். தோளில் எப்போதும் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நடப்பாரே, எல்லோரும் கயிறு என்று கூப்பிடுவார்களே, அவர்தான். அவர் கடை வாசல் வரை மூன்று தடவை போய்த் திரும்பிவிட்டேன். நான்காவது தடவை ஒரு தாளில், "எங்கள் வீட்டு வாதாமரம் உள்ளே அழுகியிருக்கிறது, வந்து பார்க்கவும்" என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, "பேசுறதுக்கும் தாள் வேணுமா பாப்பா? டெய்லர் வீடுதானே, வர்றேன்" என்றார்.

மரக்கொட்டாப்புளியால் அடிமரத்தைச் சுற்றித் தட்டிக்கொண்டே வந்தார். தெருப் பக்கம் டொக் டொக் என்றது. மதில் பக்கம் வந்ததும் காலிப் பீப்பாய் மாதிரி சத்தம். அப்பா மிஷினை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

"இந்த சிமெண்டை எடுக்கணும். இது உள்ள தண்ணியத் தேக்கி வச்சிருக்கு. காத்துல மரம் ஆடுறப்போ கல்லு மாதிரி உள்பக்கம் இடிக்குது. எடுத்துப் பாத்தாத்தான் எவ்வளவு நல்ல மரம் மிச்சம் இருக்குன்னு சொல்ல முடியும்."

"அதுல கை வைக்க வேணாம்" என்றார் அப்பா.

"ஏன்?"

"அது உள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஒரு தடவை பாத்தது போதும்."

"விழுந்தா?"

"விழறதா இருந்தா போன வருஷமே விழுந்திருக்கும்."

"போன வருஷம் விழலன்னா இந்த வருஷம் விழக்கூடாதுன்னு மரத்துக்கு யாரு சொல்லி வச்சிருக்கா?"

அப்பா உள்ளே போய் மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். கயிறு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சொந்தக்காரர் சொல்லாம நான் உடைக்க மாட்டேன். ஆனா அந்த மிஷினை மட்டும் நகத்திடுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா முடிவெட்டப் போனபோது நானும் அம்மாவும் மிஷினை எதிர்ச் சுவருக்கு நகர்த்தினோம். வந்து பார்த்தார். தனி ஆளாக இழுத்துப் பழைய இடத்திலேயே போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அண்ணா, சிமெண்டை உடைக்கலாம் என்று நீ அப்பாவுக்கு ஒரு வரி எழுது. உன் வேலை அது, நீயே உடைக்கச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார். இப்போதெல்லாம் காற்று அடித்தால் நான் அவர் நாற்காலியைத்தான் பார்க்கிறேன். தைக்கும்போது விரலில் குத்திக்கொள்கிறேன்.

தங்கை


வேலையிடம்,
ஜூன் 23

ஊசி,

எழுத மாட்டேன். உடைக்கவும் கூடாது.

காரணம் கேட்பாய். நான் சொல்ல வேண்டாம் என்று மூன்று வருடமாக வைத்திருந்தேன். நீயே தோண்டுகிறாய்.

அந்தப் பொந்தை நான் சுரண்டியபோது கரியோடு சேர்த்து ஐந்து கம்பிச் சுருள்கள் வந்தன. நோட்டுப் புத்தகத்தின் முதுகில் இருக்குமே, அந்தச் சுருள். காகிதம் எரியும், கம்பி எரியாது. ஒன்றில் கருகாத ஒரு மூலை ஒட்டிக்கொண்டிருந்தது. உன் கையெழுத்து. அப்போது நீ பள்ளிக்கூடத்தை விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. நோட்டெல்லாம் எங்கே என்று அப்பா கேட்டபோது, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன் என்றாய்.

சுருள்களை வெளியே எறிந்தால் யாராவது பார்ப்பார்கள். அதனால் பொந்துக்குள்ளேயே பின்னால் தள்ளி, முன்னால் செங்கல்லை வைத்து மூடினேன். இப்போது கயிறு உளியை வைத்து உடைத்தால் முதலில் செங்கல் வரும், அடுத்து அது வரும். அப்பா பக்கத்தில் நிற்பார். புரிந்ததா?

அப்பாவைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதானே? மரத்தையே வெட்டிவிடச் சொல். அம்மாவை விட்டுச் சொல்லச் சொல். அடியோடு வெட்டி, துண்டுபோட்டு, லாரியில் ஏற்றிவிட்டால் உள்ளே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஒரு மரம்தான். நான் பழி சுமந்து பழகிவிட்டேன். நீ இத்தனை நாள் பேசாமல் இருந்ததுபோலவே இன்னும் கொஞ்சம் பேசாமல் இரு. உனக்கு அது கஷ்டமில்லையே.

அண்ணன்


வீடு,
ஜூன் 29

அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைக் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன்.

உனக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடமும் அப்படித்தான் நினைத்தேன். அப்பா உன்னைத் திட்டிய அன்று நீ மறுக்காமல் நின்றபோது, நிஜமாகவே நீயும் சிகரெட் குடித்திருப்பாய், உன் நெருப்பும் அங்கே பட்டிருக்கும், அதனால்தான் பேசாமல் நிற்கிறாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நடந்ததை எழுதிவிடுகிறேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் தினமும் ஒருவரை எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். என் முறை வரும்போதெல்லாம் நிற்பேன், வாய் திறக்காது. "படிக்கத் தெரியாதா, இல்ல திமிரா?" என்பார். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். எனக்கு எல்லாம் படிக்கத் தெரியும் அண்ணா. ஒரு நாள் ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். மறுநாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பிறகு நோட்டுகள் கண்ணில் பட்டாலே அந்தச் சிரிப்புதான் கேட்டது. மதில் பக்கம், இரண்டு வேர் பிரியும் இடத்தில் குவித்து, மிஷின் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன். பச்சைமரம் எரியாது, பட்டைதான் கொஞ்சம் கறுக்கும் என்று நினைத்தேன். அந்தப் பட்டை செத்துப்போனது எனக்குத் தெரியாது.

கொளுத்தியது நான். அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ ஏன் மூடினாய்? மூடியதால்தான் உள்ளே தண்ணீர் தேங்கி ஆறு இஞ்ச் பதினாலு இஞ்ச் ஆனது என்கிறார் கயிறு. திறந்தே கிடந்திருந்தால் மரம் தன்பாட்டுக்கு ஏதாவது செய்திருக்குமாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? எனக்காக என்று நீயே முடிவு செய்து, நீயே பூசி, நீயே கோபித்துக்கொண்டு போய்விட்டாய். கடைசியில் பேசாமல் இருந்தது மட்டும் என் குற்றம்.

இப்போது கேள். இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் பெரிய கிளையிலிருந்து ஒரு கொம்பு ஒடிந்து தகரத்தின்மேல் விழுந்தது. கூரையில் ஓட்டை. தகர விளிம்பு அப்பாவின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி வந்து தொங்கியது. அவர் அப்போதுதான் நூல் கோக்கக் குனிந்திருந்தார். அம்மா அழுதுகொண்டே, "ஒண்ணு மரம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்றாள். அப்பா கூரை ஓட்டையை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சரி, வெட்டச் சொல்லு. அடியோட. உள்ளுக்குள்ள ஒண்ணும் நோண்ட வேணாம், அப்படியே எடுத்துட்டுப் போகச் சொல்லு" என்றார்.

ஆக, நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை கயிறு வருகிறார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் லாரியில் ஏறிவிடும். "எனக்கென்னவோ இதை முழுசா சாய்க்க வேண்டியதில்லன்னு தோணுது. திறந்து பாத்தாத்தானே தெரியும்" என்று அவர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வியாழன் முடிந்திருக்கும். நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

தங்கை


வேலையிடம்,
ஜூலை 4

ஊசி,

இன்று சனி. உன் கடிதம் இன்றுதான் வந்தது. மரம் நிற்கிறதா, விழுந்ததா என்று தெரியாமல் தொட்டிக்கு மேலே சாரத்தில் நின்று பூசினேன். இரண்டு தடவை கரண்டியைக் கீழே போட்டேன். கீழே நின்ற மேஸ்திரி, "என் தலை மேல ஏதாவது வருத்தம்னா நேரா சொல்லிடு" என்றார்.

சாரத்தில் யோசிக்க நேரம் இருக்கிறது. ஒன்று ஒப்புக்கொள்கிறேன். உனக்காகத்தான் வீட்டை விட்டு வந்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பாதிதான் உண்மை. அன்றைக்கு ஒரு வார்த்தையில் உன்னைச் சொல்லாமலேயே என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். "நான் கொளுத்தல" என்றால் போதும். சொல்லவில்லை. தையல் மிஷினுக்கு முன்னால் என்னை உட்கார வைக்க அப்பா துடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வெளியே போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. தப்பே செய்யாமல் தண்டனை வாங்குவதில் ஒரு கெத்து இருக்கிறது. அதை இரண்டு வருடம் அனுபவித்தேன்.

மரத்தை வெட்டச் சொல்லியிருக்கக்கூடாது. என் பூச்சு உடைவதைப் பார்க்க எனக்கு மனசில்லை, அதுவும் ஒரு காரணம். போட்டோவை மேஸ்திரிக்குக் காட்டியவன் நான்.

என்ன நடந்திருந்தாலும் எழுது. நீ பேசாமல் இருந்திருந்தாலும் உன்மேல் குறையில்லை. உடனே எழுது.

அண்ணன்


வீடு,
ஜூலை 5

அண்ணாவுக்கு,

இரண்டு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இன்று முழுதாக எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை கயிறு வந்தார். மேலே ஏறிக் கயிறு கட்டினார். இறங்கி, வாளை இழுத்து உயிர்ப்பித்தார். இயந்திர வாள், காது அடைக்கும் சத்தம். அப்பா வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிளவுஸ் வாங்க வந்த இரண்டு பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். அம்மா மிஷினுக்குப் போர்வை போர்த்திக்கொண்டிருந்தாள்.

நான் போய் மரத்துக்கும் வாளுக்கும் நடுவில் நின்று, உன் சிமெண்டின்மேல் முதுகை வைத்துக்கொண்டேன். கயிறு வாளைத் தூக்கிப் பிடித்துக் கத்தினார். என்ன கத்தினார் என்று கேட்கவில்லை. நான் சொன்னேன். "நான்தான் கொளுத்தினேன்." சொல்லிவிட்டேன் அண்ணா. வாழ்க்கையிலேயே அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

வாள் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

கயிறு வாளை நிறுத்தினார். எல்லாம் அமைதியாகிவிட்டது. "என்ன பாப்பா சொன்ன?" என்றார். ஒரு தடவை சொல்லவே என் உயிர் போயிருந்தது. அந்தப் பெண்கள் இரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். வகுப்பில் நிற்பதுபோலவே இருந்தது. சிமெண்டின் கோடுகள் சட்டைக்கு மேலேயே முதுகில் அழுத்தின, சீப்புப் பல் அகலத்தில்.

"அண்ணன் சிகரெட் குடிச்சு நெருப்பு வைக்கல. நான்தான் நோட்டெல்லாம் போட்டுக் கொளுத்தினேன். அவன் எனக்காகப் பூசினான். உடைச்சுப் பாருங்க, உள்ள கம்பி இருக்கும். பாத்துட்டு அப்புறம் வெட்டுங்க."

அப்பா படியிலிருந்து இறங்கி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, "எத்தனை நோட்டு?" என்றார்.

"அஞ்சு."

"அவனுக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

அப்பா கயிற்றிடம் திரும்பி, "உடைங்க" என்றார்.

உளி வைத்த மூன்றாவது அடியில் உன் பூச்சு ஒரே பலகையாகப் பெயர்ந்து வந்தது. உள்பக்கம் ஈரம் சொட்டியது. கயிறு அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "வேலை என்னவோ சுத்தமான வேலை. மரத்துக்குத்தான் வேண்டாத வேலை" என்றார். அதை அப்படியே உனக்கு எழுதலாமா என்று கேட்டு அனுமதி வாங்கினேன். செங்கல் ஒவ்வொன்றாக வந்தது. பிறகு சாக்கடைச் சேறு மாதிரி ஒரு கூழ். அதற்குள் ஐந்து சுருள்கள், துருவேறி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருந்தன. அப்பா கையை நீட்டினார். கயிறு அவர் கையில் வைத்தார். அப்பா அதைப் பிரிக்கப் பார்த்தார், பிரியவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைச் சட்டை. துருக்கறை இன்னும் போகவில்லை, அம்மா மூன்று தடவை துவைத்துவிட்டாள்.

நான் ஒரு கரண்டியை எடுத்துப் பொந்துக்குள் சுரண்டப் போனேன், நல்ல மரம் தெரியும் வரை சுத்தம் செய்துவிடலாம் என்று. கயிறு என் கையைத் தட்டிவிட்டார். "தளர்ந்து வர்றதை மட்டும் கையால அள்ளு. அதுக்கு மேல சுரண்டாத. அழுகல் பரவக்கூடாதுன்னு மரம் உள்ளுக்குள்ள தானா ஒரு சுவர் கட்டிக்கும். நீ அதை உடைச்சா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." மரம் உன்னைவிட நல்ல கொத்தனார்போல.

அப்புறம் மெல்லிய துளைக்கம்பியால் நான்கு இடத்தில் மட்டும் துளை போட்டார். ஒவ்வொரு துளையும் ஒரு புண்தான், அதனால் அதிகம் போட மாட்டாராம். கம்பியோடு வரும் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். வெளிறிய, காய்ந்த தூள் வந்தால் நல்ல மரம். கறுத்து ஈரமாக வந்தால் அழுகல். தெருப் பக்கம் ஏழு இஞ்ச் வரை நல்ல தூள். இரண்டு பக்கவாட்டிலும் ஆறு. மதில் பக்கம், நான் கொளுத்திய இடத்தில், இரண்டே இஞ்ச்.

"போதுமா?" என்று அப்பா கேட்டார்.

"மூணு பக்கம் சுவர் தடிமனா இருக்கு. ஒரு பக்கம் பலவீனம். இவ்வளவு பாரத்தை இது தாங்காது. கூரை மேல போற கிளையை எடுத்துடறேன். உச்சியையும் கொஞ்சம் குறைக்கிறேன். காத்துக்குப் பிடி இல்லாமப் பண்ணிட்டா நிக்கும். வருஷா வருஷம் பாக்கணும். காளான் பெருசாச்சுன்னா அப்ப சாய்ச்சிடலாம். நிக்கும்னு எழுதிக் குடுக்க மாட்டேன். மிஷினை நகத்தியே ஆகணும்."

அப்பா உள்ளே போனார். போர்வையோடு மிஷினைப் பிடித்து இழுத்தார். இந்தத் தடவை எதிர்ச் சுவருக்கு. நான் ஒரு பக்கம் பிடித்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை.

கிளை விழுந்த பிறகு முற்றத்தில் ஒரே வெளிச்சம். எனக்குக் கண் கூசியது. அந்தப் பொந்தின் வாயை மூட வேண்டாம், தார் பூச வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், திறந்தே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுக் கயிறு போனார். வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்கிறார்கள். அம்மா என்னைக் காட்டி, "அவளைக் கேளுங்க" என்கிறாள். மூன்று பேருக்குச் சொல்லிவிட்டேன். நான்காவது ஆளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

அப்பா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அன்று சாயங்காலம் டேப்பை எடுத்துக்கொண்டு மரத்துக்குப் போனார். ஒரு முனையை என் கையில் கொடுத்தார். அளவு நோட்டில் புதுப் பக்கம் புரட்டி, மேலே மரம் என்று எழுதி, சுற்றளவு 94, பொந்து உயரம் 22, அகலம் 9 என்று போட்டார். அடுத்த வருடம் ஒத்துப் பார்க்கவாம். பிறகு நோட்டைப் பின்னால் புரட்டினார். உன் பக்கம். பத்தொன்பது வயதில் எடுத்த அளவு. தோள் அளவின்மேல் விரலை வைத்தார்.

"கரண்டி பிடிச்ச கை. தோள் ஏறியிருக்கும். எழுதிக் கேளு."

"சீட்டுல வர்ற அளவுக்குத் தைப்பீங்களா?" என்றாள் அம்மா.

அப்பா மிஷினை மிதிக்கத் தொடங்கிவிட்டார், துணி இல்லாமல். போகிற போக்கில், "டேப் ஒண்ணு வச்சு அனுப்பு. அங்க நல்ல டேப் கிடைக்குமோ என்னமோ" என்றார்.

வைத்திருக்கிறேன். தோள், மார்பு, முதுகு நீளம், கை. எழுதி அனுப்பு.

தங்கை


வேலையிடம்,
ஜூலை 12

ஊசி,

கடிதத்தைச் சாரத்தில் உட்கார்ந்தே படித்தேன். கயிறு சொன்னதை மேஸ்திரிக்கும் படித்துக் காட்டினேன். சிரித்தார். போட்டோவைப் பர்ஸிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பட்டைக்கும் பூச்சுக்கும் எல்லை எங்கே என்று இப்போதும் எனக்கே தெரியவில்லை. நல்ல வேலை, வேண்டாத வேலை. ஒப்புக்கொள்கிறேன்.

தொட்டியின் உள்பூச்சு வியாழனோடு முடிகிறது. பொந்தை அப்படியே வைத்திரு. நான் பார்க்க வேண்டும்.

அளவு அனுப்பவில்லை. டேப்பைக் கையில் கொண்டு வருகிறேன். வெள்ளிக்கிழமை பஸ். அவர் சீட்டுக்குத் தைப்பவர் இல்லை, எனக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டாம். தன் முதுகைத் தானே அளக்க யாராலும் முடியாது, அதனால் ஆளே வருகிறது என்று அப்பாவிடம் சொல்.

மிஷின் ஓடும்போது சொல்லாதே. நிறுத்தச் சொல்லிவிட்டுச் சொல்.

அண்ணன்